மாதக் கணக்கை எப்படி வாசிப்பது?



இன்று நான் ஒரு மென்பொருளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதைவிட முக்கியமாக, அந்த மென்பொருளைச் செய்கிறவர்கள் மாதந்தோறும் ஊரறியச் சொல்லும் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த மென்பொருளின் பெயர் ஃபோர்மேன். சர்வர்களை நிறுவுவது, அமைப்பது, புதுப்பிப்பது, கண்காணிப்பது ஆகிய வேலைகளை ஒரே இடத்திலிருந்து செய்ய உதவும் திறமூல மென்பொருள் அது. 2009-இல் ஓஹாட் லெவி என்பவர் தொடங்கினார். ரூபி மொழியில் எழுதப்பட்டது. ஜி.பி.எல். உரிமத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம்.

சிறிய சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ரெட் ஹாட் நிறுவனம் விற்கும் சாட்டிலைட் 6 இதன் மேல்தான் நிற்கிறது. ஜெர்மனியின் ஏட்டிக்ஸ் நிறுவனம் விற்கும் ஆர்காரைனோவும் இதன் மேல்தான் நிற்கிறது. ஜெனீவாவில் அணுத்துகள்களை மோதவிட்டு ஆராயும் செர்ன் ஆய்வுக்கூடம் தன் கணினிக் கூடத்தைப் புதிதாக அமைத்தபோது தேர்ந்தெடுத்த கருவிகளில் இதுவும் ஒன்று. இத்தனை பேர் நம்பியிருக்கும் மென்பொருளை யார் செய்கிறார்கள்? எப்படிச் செய்கிறார்கள்? ஒரு மாதத்தில் அங்கே என்னதான் நடக்கிறது?

அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த மென்பொருள் செய்கிற ஒரே ஒரு வேலையை உங்கள் கண்முன் நிறுத்த விரும்புகிறேன்.

புது சர்வர் ஒன்றைப் பெட்டியிலிருந்து பிரித்து ரேக்கில் ஏற்றியாகிவிட்டது. டிஸ்கில் ஒன்றுமே இல்லை. பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். அந்த மெஷினுக்குத் தெரிந்ததெல்லாம் தன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு, எனக்கு ஒரு ஐ.பி. கொடுங்கள் என்று நெட்வொர்க் முழுவதும் கேட்கிறது. டி.எச்.சி.பி. சர்வர் பதில் சொல்கிறது: இதுதான் உன் ஐ.பி., நீ பூட் ஆக வேண்டிய கோப்பு இன்ன இடத்தில் இருக்கிறது. அந்த இடத்திலிருந்து பூட்லோடர் இறங்குகிறது, அதன் பின்னால் கெர்னல் இறங்குகிறது, இன்ஸ்டாலர் எழுகிறது. டிஸ்கை எப்படிப் பிரிப்பது, டைம் ஜோன் எது, ரூட் பாஸ்வேர்டு என்ன என்று இன்ஸ்டாலர் வழக்கமாக நம்மைக் கேட்கும் கேள்விகள் எத்தனை! அத்தனைக்கும் பதிலை ஃபோர்மேன் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. ரெட் ஹாட் குடும்பத்தில் அந்தப் பதில் கோப்புக்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர், டெபியனில் பிரீசீட். மனிதர் யாரும் கை வைக்காமலேயே வேலை முடிகிறது.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். இன்ஸ்டால் முடிந்ததும், அந்த மெஷின் ஃபோர்மேனுக்கு ஒரு சேதி அனுப்புகிறது: வேலை முடிந்தது. சேதி கிடைத்த உடனே ஃபோர்மேன் அந்த மெஷினுக்கான பூட் கோப்பை மாற்றி எழுதுகிறது: இனி உன் டிஸ்கிலிருந்தே எழுந்துகொள். அந்த ஒரு சேதி போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும்? மெஷின் ரீபூட் ஆகும். நெட்வொர்க்கில் போய்க் கேட்கும். பழைய பதிலே வரும். டிஸ்கை அழிக்கும், மறுபடி இன்ஸ்டால் செய்யும், மறுபடி ரீபூட் ஆகும். விடிய விடிய இதே வேலைதான். இந்தத் துறையில் இருப்பவர்கள் தலையாட்டுவதை இங்கிருந்தே பார்க்கிறேன்.

அந்த ஒரு சேதி ஒழுங்காகப் போய்ச் சேருவதற்கு எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது தெரியுமா? லினக்ஸ் விநியோகம் ஒவ்வொன்றும் தன் இன்ஸ்டாலரைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறது. உபுண்டு பல ஆண்டுகளாக டெபியனின் இன்ஸ்டாலரைத்தான் பயன்படுத்தி வந்தது. 2020-இல் வந்த 20.04 பதிப்பில் சர்வர்களுக்கு ஆட்டோஇன்ஸ்டால் என்ற புது வழியைக் கொண்டுவந்தது, அடுத்துப் பழைய இன்ஸ்டாலரையே கைவிட்டது. அதனால் அந்தப் பதில் கோப்புகளுக்காக எழுதி வைத்திருந்த பழைய டெம்ப்ளேட்டுகள் புதிய உபுண்டுவுக்கு உதவாமல் போயின. யாரோ ஒருவர் உட்கார்ந்து புதிய டெம்ப்ளேட் எழுதினார். இன்னொருவர் தன்னிடம் இருந்த மெஷினில் அதை ஓட்டிப் பார்த்தார். மூன்றாமவர் எந்த இடத்தில் நிற்கிறது என்று சொன்னார். மாதக் கணக்கில் அதற்கு ஒரே ஒரு வரி.

அன்பர்களே, அந்த ஒரு வரிக்குப் பின்னால் போகத்தான் இன்று உங்களை அழைக்கிறேன்.

நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும்போது, செயலாளர் எழுந்து நின்று வரவு செலவை வாசிப்பார். சங்கம் ஒழுங்காக நடக்கிறதா என்று உறுப்பினருக்கு அந்த வாசிப்பில்தான் தெரியவரும். ஃபோர்மேன் சமூகம் அதை மாதந்தோறும் செய்து வந்திருக்கிறது. இந்த மாதம் எந்தப் பதிப்பு வெளியானது, எந்தப் பழுது தீர்ந்தது, எந்த பிளகின் புதிதாக வந்தது, எது இன்னும் முடியவில்லை, புதிதாக யார் வந்து சேர்ந்தார்கள் என்று திரட்டிச் சொல்லும் மடல் அது. அதோடு, தாங்கள் செய்த வேலையைத் திரையில் ஓட்டிக் காட்டும் நேரலைகளும் உண்டு. செய்தேன் என்று சொல்வதோடு விடுவதில்லை, இதோ பாருங்கள் என்று காட்டுகிறார்கள்.

ஒரு சின்னத் திருத்தம் எந்த வழியாக அந்தக் கணக்குக்குள் வருகிறது? ஒருவருக்கு ஒரு பழுது கண்ணில் படுகிறது. பழுதுப் பதிவேட்டில் அதைப் பதிகிறார். பதிந்ததும் அதற்கு ஓர் எண் கிடைக்கிறது. திருத்தத்தை எழுதி அனுப்பும்போது, இந்த எண்ணுள்ள பழுதைத் தீர்க்கிறேன் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும். அது அங்கே நெடுநாள் வழக்கம். எண் இல்லாமல் வரும் திருத்தத்தை, முதலில் எண்ணைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். தானியங்கிச் சோதனைகள் ஓடுகின்றன. பிறகு இன்னொரு மனிதர் அந்தத் திருத்தத்தை வரி வரியாக வாசிக்கிறார். இந்த மாறியின் பெயர் புரியவில்லை என்கிறார். இதற்கு ஒரு டெஸ்ட் வேண்டும் என்கிறார். அனுப்பியவர் மாற்றுகிறார், அவர் மறுபடி வாசிக்கிறார். ஒரு வாரமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். கடைசியில் திருத்தம் மெர்ஜ் ஆகிறது. அவசரமானது என்றால், ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் பதிப்புக்கும் அதைப் பொறுக்கி எடுத்துப்போய்ச் சேர்க்கிறார்கள்.

இதில் பாராட்டு யாருக்குக் கிடைக்கிறது? திருத்தத்தை எழுதியவருக்கு. வாசித்தவருக்கு? பதிவேட்டில் ஒரே பழுதை நான்கு பேர் நான்கு விதமாகப் பதிந்திருப்பதைக் கண்டு அவற்றை ஒன்றாகச் சேர்த்தவருக்கு? ஆவணத்தில் ஒரு கட்டளை பழையதாகிவிட்டது என்று பார்த்துத் திருத்தியவருக்கு? இவர்கள் இல்லாமல் அந்த மென்பொருள் ஒரு மாதம்கூட நகராது. நான் இன்று யாருக்காகவாவது கைதட்டச் சொல்கிறேன் என்றால், இவர்களுக்காகத்தான்.

இப்போது பெரிய வேலைகளுக்கு வருகிறேன்.

ஃபோர்மேனோடு கட்டெல்லோ என்ற பிளகின் உண்டு. ஆயிரக்கணக்கான சர்வர்களுக்கு எந்த பேக்கேஜ், எந்தப் பதிப்பு போக வேண்டும் என்று தீர்மானிப்பது அது. அந்த பேக்கேஜ்களைச் சேமித்து வைப்பது பல்ப் என்ற இன்னொரு திறமூல மென்பொருள். பல்ப் இரண்டாம் பதிப்பு மாங்கோடிபி தரவுத்தளத்தில் ஓடியது. மூன்றாம் பதிப்பைப் புதிதாக எழுதி போஸ்ட்கிரெஸ்குவெலுக்கு மாற்றினார்கள். நல்ல முடிவு என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் டெராபைட் கணக்கில் பேக்கேஜ்கள் கிடக்கின்றனவே, அவற்றை எப்படி இடம் மாற்றுவது? எல்லாரும் இரண்டு நாள் கடையை மூடுங்கள் என்று சொல்ல முடியுமா? மருத்துவமனை இருக்கிறது, வங்கி இருக்கிறது, ஆய்வுக்கூடம் இருக்கிறது.

அவர்கள் கண்ட வழியைக் கேளுங்கள். மாற்றத்தை இரண்டு கட்டமாகப் பிரித்தார்கள். முதல் கட்டம் தயாரிப்பு. பழைய பல்ப் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னணியில் தரவு புதியதற்குப் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் அதை ஓட்டலாம். ஒரு முறை முடித்துவிட்டால், அடுத்த முறை புதிதாக வந்தது மட்டும்தான் போகும். இரண்டாம் கட்டம் கைமாற்றம். நிறுத்த வேண்டிய நேரம் அந்தக் கைமாற்றத்துக்கு மட்டும்தான். ஒரே நாளில் எல்லா வகைப் பொருளையும் அவர்கள் மாற்றவில்லை. சாதாரணக் கோப்புகளும் கன்டெய்னர் இமேஜ்களும் முதலில் போயின. அதிகம் புழங்கும் யம் பேக்கேஜ் களஞ்சியங்கள் அதற்குப் பிறகு போயின. கட்டெல்லோ 3.18 வரை பழையதும் இருந்தது. 2021-இல் வந்த 4.0-இல் பழைய பல்ப் விடைபெற்றது. மாதம் மாதமாக அந்தக் கணக்கை வாசித்து வந்தவர்களுக்கு 4.0 எந்த அதிர்ச்சியும் தரவில்லை. வாசிக்காதவர்கள்தான் மேம்படுத்தும் அன்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அதே 2021-இல் இன்னொன்று நடந்தது. ஃபோர்மேன் பிறந்ததே பப்பெட் என்ற அமைவு மேலாண்மைக் கருவிக்கு முகப்பாகத்தான். எந்த சர்வருக்கு எந்த அமைவு என்று பப்பெட்டுக்குச் சொல்வதும், பப்பெட் ஓடிய விவரத்தைத் திரையில் காட்டுவதும்தான் அதன் முதல் வேலை. காலம் மாறியது. ஆன்சிபிள் வந்தது, சால்ட் வந்தது. பப்பெட்டைத் தொடாதவர்களும் ஃபோர்மேனைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 3.0 பதிப்பில், பப்பெட்டுக்கான பகுதியை மையத்திலிருந்து பிரித்தெடுத்துத் தனி பிளகினாக ஆக்கினார்கள். தான் எதற்காகப் பிறந்ததோ அதையே தனியே எடுத்து வைக்க ஒரு சமூகத்துக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எவ்வளவு பொறுமை வேண்டும்! ஒவ்வொரு அட்டவணையையும், ஒவ்வொரு திரையையும், ஒவ்வொரு டெஸ்ட்டையும் பிரித்தெடுக்க வேண்டும். பயன்படுத்துகிறவருடைய தரவு ஒன்றும் தொலையக் கூடாது. பல மாதக் கணக்குகளில் அது இரண்டு மூன்று வரிகளாக வந்து போயிற்று.

பப்பெட்டின் கதை அங்கே முடியவில்லை. பப்பெட்டை 2022-இல் பெர்ஃபோர்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. 2024 நவம்பரில் அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: புதிய பேக்கேஜ்கள் இனிப் பழையபடி எல்லாருக்கும் திறந்த இடத்தில் கிடைக்காது. உலகமெங்கும் சர்வர் நிர்வாகிகள் பதறிப்போனார்கள். ஃபோர்மேன் குழுவுக்கும் அது வீட்டு வாசலுக்கே வந்த சேதி. ஃபோர்மேனை நிறுவித் தரும் இன்ஸ்டாலரே பப்பெட் மாட்யூல்களால் கட்டப்பட்டது. என்ன நடந்தது? வாக்ஸ் புப்புலி என்றொரு தன்னார்வக் குழு ஏற்கெனவே நூற்றுக்கு மேற்பட்ட பப்பெட் மாட்யூல்களைப் பராமரித்து வந்தது. அந்தக் குழு எழுந்து நின்றது. மூல நிரலை எடுத்து ஓப்பன்வாக்ஸ் என்ற பெயரில் கிளை பிரித்து, 2025 ஜனவரியில் முதல் வெளியீட்டைக் கொண்டுவந்தது. அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டே மாதம்!

இது எப்படி முடிந்தது? திறமை மட்டும் காரணமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். யாருக்கு எந்த மாட்யூல் தெரியும், யார் பேக்கேஜ் கட்டுவார், யார் வெளியிடுவார் என்று ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள். மாதா மாதம் சேர்ந்து செய்த சில்லறை வேலைகளில் கிடைத்த பழக்கம் அது. உரிமம் அனுமதி கொடுத்தது, உண்மைதான். ஆனால் உரிமம் நிரல் எழுதாதே!

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். உங்களில் பலருக்கு அந்தத் தேதி நினைவிருக்கும்: 2024 மார்ச் 29. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், தன் டெபியன் மெஷினில் எஸ்.எஸ்.எச். வழியாக உள்ளே நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று கவனித்தார். அரை நொடிதான்! விட்டுவிட்டுப் போயிருக்கலாம், அவர் விடவில்லை. நூல் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தால், எக்ஸ்.இசட். என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு ஒளிந்திருந்தது. அதை உள்ளே வைத்தவர், புனைபெயரில் வந்து, இரண்டு ஆண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களாக அனுப்பி நம்பிக்கையைப் பெற்றவர். ஏன் பெற முடிந்தது? அந்த மென்பொருளை அதுவரை ஒரே ஒருவர், சம்பளம் இல்லாமல், களைத்துப்போன நிலையில் பராமரித்து வந்தார். வேலை தாமதமாகிறது, பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று அவரை முன்பின் தெரியாத பெயர்கள் நெருக்கின. உலகத்தின் சர்வர்களில் பெரும்பகுதி அந்தச் சின்னத் துண்டின் மேல் நின்றது. அதை ஒருவர் மட்டுமே சுமக்கிறார் என்று அதன் மேல் நின்ற எத்தனை பேருக்குத் தெரியும்?

அதற்குப் பத்து ஆண்டுக்கு முன்பு, 2014 ஏப்ரலில், ஓப்பன்எஸ்.எஸ்.எல். மென்பொருளில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளியானபோதும் இதே கதையைக் கேட்டோம். இணையத்தின் பூட்டு சாவியை விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே காத்து வந்தார்கள் என்று அன்று எல்லாரும் வருந்தினோம். அதற்குப் பிறகும் 2024 வந்ததே!

ஆகவே நண்பர்களே, மாதக் கணக்கை எப்படி வாசிப்பது என்று கேட்டேன் அல்லவா, என் பதிலைச் சொல்கிறேன். புதிய வசதிகளின் பட்டியலைக் கடைசியில் வாசியுங்கள். முதலில் பெயர்களை வாசியுங்கள். திருத்தங்களை எழுதியவர் யார், அவற்றை வாசித்து ஒப்புக்கொண்டவர் யார்? தொடர்ந்து மூன்று மாதம் அதே இரண்டு பேர்தான் எல்லாவற்றையும் வாசித்து அனுப்புகிறார்கள் என்றால், அந்தத் திட்டத்தில் எத்தனை புதிய பொத்தான்கள் வந்திருந்தாலும் அதன் உடல்நிலை சரியில்லை. புதிதாக ஒருவர் வந்தார், ஒரு சின்ன ஆவணத் திருத்தம் அனுப்பினார், இரண்டு மாதம் கழித்து அவரே இன்னொருவருடைய திருத்தத்தை வாசிக்கிறார் என்றால், அந்தத் திட்டம் நன்றாக மூச்சு விடுகிறது. எதைச் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எதை நிறுத்தப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். மாதக் கணக்கு வெளியிட்டால் மட்டும் பின்கதவு வராது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் யார் தனியாகச் சுமக்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு உதவிக்குப் போகாமல் இருப்பது நம் குற்றம்.

டெபியன் திட்டத்தில் இதை இன்னும் கறாராகச் செய்கிறார்கள். பழைய டெபியன் பதிப்புகளுக்கு நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தம் தரும் பணி 2014-இல் தொடங்கியது. ஃப்ரெக்ஸியன் என்ற நிறுவனம் பல நிறுவனங்களிடமிருந்து பணம் திரட்டி, டெபியன் நிரலாளர்களுக்கு மணிக்கணக்கில் ஊதியம் தருகிறது. மாதம் முடிந்ததும் கணக்கு வெளியாகும்: இன்னாருக்கு இத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டது, இத்தனை செலவானது, மீதம் அடுத்த மாதத்துக்கு. எந்த பேக்கேஜில் என்ன ஓட்டையை அடைத்தேன் என்று அவரவரும் தனித்தனியே எழுதுகிறார்கள். கூலி வாங்கினோம், வேலை இதோ என்று உலகத்தின் முன் வைக்கிறார்கள். மக்கள் வரிப்பணத்தில் மென்பொருள் வாங்கும் எந்த அலுவலகமாவது தன் ஒப்பந்தக்காரரிடம் இந்த அளவு கணக்கு கேட்கிறதா? கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஃபோர்மேனுக்குத் திரும்புவோம். செக் நாட்டின் பர்னோவில் இருப்பவரும், இஸ்ரேலில் இருப்பவரும், நம் புனேயில் இருப்பவரும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் ஃபாஸ்டெம் மாநாடு முடிந்ததும், பக்கத்தில் கென்ட் நகரில் அமைவு மேலாண்மைக்கான முகாம் ஒன்று கூடுகிறது. மாதமெல்லாம் எழுத்தில் மட்டும் சந்தித்தவர்கள் அங்கே ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். புனேயில் ஒரு மேசை இருக்கும்போது, இந்த அரங்கிலிருந்து அந்தப் பெயர்ப் பட்டியலுக்குள் போவது எட்டாத தூரம் இல்லை.

மாணவர்களே, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ரூபி தெரியாதே என்று தயங்காதீர்கள். ஃபோர்மேனின் ஆவணங்கள் திறந்த களஞ்சியத்தில் இருக்கின்றன. சாட்டிலைட்டுக்கும் ஆர்காரைனோவுக்கும் ஆவணம் அதே மூலத்திலிருந்துதான் போகிறது. நீங்கள் அங்கே ஒரு வரியைச் சரி செய்தால், மூன்று இடத்திலும் சரியாகும். லேப்டாப்பில் இரண்டு விர்ச்சுவல் மெஷின்களை எழுப்புங்கள். ஒன்றில் ஃபோர்மேனை நிறுவுங்கள், மற்றொன்றை வெறும் டிஸ்கோடு நெட்வொர்க்கில் பூட் செய்யுங்கள். ஆவணத்தில் சொன்னபடியே செய்து வாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடம்தான் உங்கள் முதல் வேலை. என்ன பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, லாகில் என்ன எழுதியிருக்கிறது: இந்த ஐந்தையும் எழுதிப் பழுதைப் பதியுங்கள். வேலை செய்யவில்லை என்று ஒற்றை வரி எழுதினால், வாசிக்கிறவர் மறுபடி உங்களையே கேட்டு ஒரு வாரம் போய்விடும். வீட்டில் வேறு வேலை, மறுநாள் அலுவலகம் என்று இருக்கிற ஒரு மனிதருடைய வாரம் அது.

நிறுவனங்களில் பொறுப்பில் இருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் சர்வர்கள் எந்தத் திறமூல மென்பொருள்களின் மேல் ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கடைசியாக எப்போது வெளியீடு வந்தது, எத்தனை பேர் பராமரிக்கிறார்கள் என்று எழுதுங்கள். எதற்கு எதிரே ஒன்று என்ற எண் வருகிறதோ, அந்தத் திட்டத்துக்கு உங்கள் பொறியாளர் ஒருவரை மாதத்தில் சில நாள் அனுப்புங்கள். அலுவலக நேரத்தில், சம்பளத்தோடு. முதல் மாதம் அவர் வாசிக்க மட்டும் செய்யட்டும்.

விர்ச்சுவல் மெஷின்களுக்கு எவ்வளவு மெமரி வேண்டும், எந்தப் பதிப்பில் தொடங்கலாம் என்பதையெல்லாம் கூட்டம் முடிந்ததும் விவரமாகச் சொல்கிறேன். இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். பின்வரிசையில் நெடுநேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கும் தங்கையிடம் முதலில் மைக்கைக் கொடுங்கள்.